மிச்சம் ஆறு தடவை

காலை ஐந்தரைக்கு எழுவான். மோட்டார் போடுவான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுவான். மேல்தொட்டி நிரம்புவதற்குள் பல் துலக்கிக் குளித்து முடித்துவிடுவான். ஒரு டம்ளர் டீ, நாலு துண்டு ரொட்டி. அடுப்பு மேடையைத் துடைப்பான். அழுக்கு இல்லாவிட்டாலும் துடைப்பான். பிறகு அலமாரியிலிருந்து அன்பரசியின் போனை எடுத்து சார்ஜில் போடுவான். நூறு காட்டியதும் பிடுங்கி, இருந்த இடத்திலேயே வைப்பான். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஆறே காலுக்குப் பூஞ்சேரியில் பஸ் ஏறுவான். நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பிரபா ஆபரேட்டர். ஏழு மணிக்கு ஷிஃப்ட்.

அன்பரசி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அந்த நாளில் அவனுக்கு நைட் ஷிஃப்ட். காலையில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தான். போன் சைலண்டில் இருந்தது. அவன் தெற்கே வந்துகொண்டிருந்தபோது அவள் ஸ்கூட்டியில் வடக்கே போய்க்கொண்டிருந்தாள். கோவளம் பக்கம் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. இரண்டு பேரும் ஒரே சாலையில் எதிரெதிராகக் கடந்திருக்க வேண்டும். எங்கே என்று தெரியாது. வீட்டுக்கு வந்தவன், தூக்குவாளியில் வெளியே வைத்திருந்த தோசை மாவு பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, கேஸ் ட்யூப் வரைக்கும் இறங்கியிருந்ததைப் பார்த்தான். வாய்க்குள் திட்டிக்கொண்டே துடைத்தான். துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் திரை ஒளிர்ந்து, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பட்டிப்புலம் வளைவில் டிப்பர் லாரி.

அதற்குப் பிறகு எத்தனையோ மணி நேரம் கழித்து, மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, வாட்ஸப்பில் அவள் பெயர் மேலே நிற்பதைப் பார்த்தான். 7.48. திறந்தால், அந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. பழைய அறிவிப்புகளைத் தேடினான். அதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது: குரல் பதிவு, பதினோரு வினாடி.

அதற்கு முன் இரண்டு நாளாக அவள் அவனோடு பேசவில்லை. அவள் வீட்டார் சபையில் அசனம் நடந்தது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். வருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. ஷிஃப்ட் மாற்றிக் கேட்க மறந்துவிட்டான். "எங்க ஆளுங்களோட ஒக்காந்து துன்ன உனக்கு டைம் இருக்காது" என்றாள். அவள் சொன்னதில் பாதி நிஜம் என்பதால் அவனுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் அவன் தோளைத் தொட்டு, "கடைசியா என்ன பேசினாங்க தம்பி?" என்று கேட்டார். மைக் கையில் இருந்தது. பிரபா எதையோ சொல்ல வேண்டியிருந்தது. "அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றான்.

அந்த வார்த்தை ஊர் முழுக்கப் போய்விட்டது. அன்பரசியின் அம்மா பாப்பா அதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொன்னாள். இப்போது முதலாண்டு நினைவு அட்டையில் அச்சாகப் போகிறது. அன்பரசியின் தம்பி ஜெபக்குமார் திருக்கழுக்குன்றத்தில் அச்சகம் பிடித்து, டிசைனும் போட்டுவிட்டான். ஆயிரம் அட்டை. பொய் ஆயிரம் வீட்டுக்குப் போய் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும். நிஜம் அந்தப் பதினோரு வினாடிக்குள் இருந்தது. திட்டினாளா, சமாதானமானாளா? தெரியாது. அவள் போனுக்குள் அந்தப் பதிவு இன்னும் கிடக்கலாம். போன் ஆறு இலக்கப் பூட்டுக்குள் இருந்தது.

முதல் மாதத்திலேயே கைக்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தான். அவள் பிறந்த நாள், அவன் பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர், திருப்பிப் போட்ட கல்யாண நாள். ஒரு கட்டத்தில் போன் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து மறுபடி போட்டான். பயம் வந்து நிறுத்தினான்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு வேலையாகப் போய்விட்டு மின்ரயிலில் செங்கல்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பொத்தேரி ஸ்டேஷன் தூணில் ஒரு நோட்டீஸ் பார்த்தான். 'ஹேக்கிங்: ஒன்றும் தெரியாதவர்களுக்கு. ஞாயிறு காலை பத்து மணி.' இறங்கிவிட்டான்.

மெஸ் ஒன்றுக்கு மேலே ஒரு அறை. கீழிருந்து சாம்பார் வாசனை படியேறி வந்தது. ஒன்பது பையன்கள், எல்லோரும் பக்கத்துக் கல்லூரியில் முதல் வருடம். சொல்லித் தருபவள் ஷபானா, கடைசி வருட மாணவி, அவனைவிட எட்டு வயது சின்னவள். மடிக்கணினியின் முதுகு தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"எதுக்கு வந்தீங்கன்னு ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க" என்றாள்.

"ஒருத்தியோட இன்ஸ்டா ஐடி வேணும்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"கதவு தெறந்துதான் கீது. போயிடு."

"சும்மா சொன்னேங்க்கா."

"நானும் சும்மா சொல்லல. எந்திரி."

அவன் நிஜமாகவே எழுந்து போக வேண்டியிருந்தது. அடுத்தது பிரபா. "ஆலையில கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. பாதுகாப்புக்குக் கத்துக்கலாம்னு" என்றான்.

"அங்கிள் நல்லவரு" என்றது பின்வரிசை.

"அங்கிளுக்கு முப்பதுதான் ஆவுது. நீ உன் வேலையப் பாரு" என்றாள் ஷபானா.

முதல் மாதம் ஹேக்கிங் என்று எதுவுமே இல்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி, ஒரு கோப்பை உருவாக்கி, நகர்த்தி, அழித்துப் பழக வேண்டும். மவுஸைத் தொடக் கூடாது. பிறகு, ஒரு கணினி இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்பது. ஒரு கணினிக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டு, அதில் எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை என்றாள். அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டினால் போலீஸ். அதனால் தன் மடிக்கணினிக்குள்ளேயே இரண்டு பொய்க் கணினிகளை உருவாக்கி, ஒன்றை வைத்து இன்னொன்றைத் தாக்க வேண்டும். ஓட்டை வைத்தே செய்த பயிற்சிக் கணினிகள் இலவசமாகக் கிடைத்தன. பிரபா சொந்த வீட்டுச் சுவரையே எகிறிக் குதிக்கிற திருடன் மாதிரி வாரம் முழுக்கக் குதித்தான்.

கை சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தில் கட்டளைகளை எழுதிப் பார்த்தான். ஆலையில் அழுத்தமானிகளைக் குறித்துக்கொண்டே விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். "டேய், வயர்லெஸ்ல தந்தி அடிக்கிறியா?" என்றான் கூட வேலை செய்யும் வெங்கடேசன். வீட்டு வைஃபையைச் சோதித்தபோது, ரூட்டரின் கடவுச்சொல் அதன் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்ததேதான் என்று தெரிந்தது. மூன்று வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. மாற்றினான். மாற்றியதை எழுதி வைத்தான். எழுந்து நடந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

படிக்கப் படிக்கப் போன் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடவுச்சொற்களைப் பற்றிய பாடத்தில், உத்தேசச் சொற்களின் பட்டியலை வைத்து நொடிக்கு லட்சம் தரம் முயன்று பார்ப்பதைச் செய்து காட்டினாள். அவன் கை பைக்குள் இருந்த போனுக்குப் போனது. அடுத்த நிமிடமே, "இது போன் கிட்ட நடக்காது. போன் எண்ணிக்கினே இருக்கும்" என்றாள்.

வகுப்பு முடிந்து பையன்கள் இறங்கிப் போனதும், போனை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"யாரோடது?"

"ஒய்ஃபோடது."

ஷபானா கையை இழுத்துக்கொண்டாள். "அண்ணா, மொத நாள் ஒருத்தன வெளிய அனுப்பினேனே, பாத்துக்கினுதான இருந்தீங்க."

"அவ இல்ல."

"இல்லன்னா? அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்களா?"

"செத்துட்டா."

கீழே யாரோ தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஷபானா தன் டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள். பிறகு, டாக்டர் மாதிரி கேட்கத் தொடங்கினாள்.

"எத்தினி வாட்டி போட்டீங்க?"

"பதினாலு."

"என்னென்ன போட்டீங்கன்னு எழுதி வச்சீங்களா?"

"இல்ல."

"அப்போ போட்டதையே திரும்பப் போட்டிருப்பீங்க."

"இருக்கும்."

"இந்த மாடல்ல ஒரு செட்டிங் கீது. இருபது வாட்டி தப்பாச்சுன்னா தன்னையே தொடச்சிக்கும். அவங்க ஆன் பண்ணாங்களா இல்லையான்னு தெரியாது. ஆன்னு வச்சிக்கலாம். மிச்சம் ஆறு."

"உள்ள பூந்து எடுக்க வேற வழி இல்லியா?"

"படம் பாத்துட்டு வந்து கேக்கறீங்க. என்னால முடியாது. நீங்க இன்னும் பத்து வருசம் படிச்சாலும் முடியாது. பூட்டு நல்ல பூட்டு. பூட்டினவங்க மாதிரி யோசிச்சா ஒருவேளை." நிறுத்தினாள். "ஆனா பர்மிஷன் பேப்பர் இல்லாம நான் யோசனைகூடச் சொல்ல மாட்டேன்."

"நான் புருஷன்."

"புருஷன்னா பர்மிஷனா? உயிரோட இருந்தப்போ அவங்க போன் லாக் நம்பர் உங்களுக்குத் தெரியாது இல்ல? அவங்க சொல்லல, நீங்க கேக்கல. வாரிசு சர்டிஃபிகேட் வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

"யாரு பேரெல்லாம் கீது?"

"என் பேரு. அவ அம்மா பேரு."

"அப்போ அம்மாவும் கையெழுத்துப் போடணும். எதுக்காகத் தொறக்கறீங்க, எதைப் பாக்கப் போறீங்க, எதைப் பாக்க மாட்டீங்க, மூணும் எழுதிக்கினு போங்க. எங்க தொழில்ல இது இல்லாம யாரும் லேப்டாப்பே தொறக்க மாட்டாங்க."

அவன் தலையாட்டினான். எழுந்துகொண்டவனிடம், "ஒண்ணே ஒண்ணு. பேப்பருக்கு முன்னாடியே சொல்றேன், தப்புதான்" என்றாள். "அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதீங்க. அதெல்லாம் போட்டு முடிச்சாச்சு. ஏன்னு தெரியாமலே வருசா வருசம் எதையாவது செஞ்சாங்களா? அதை எழுதுங்க."

வாரம் முழுக்க எழுதினான். மாதக் கடைசியில் மெத்தையைத் திருப்பிப் போடுவாள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு புதுக் குடை வாங்குவாள், பழையது நன்றாக இருந்தாலும். சம்பள நாளில் மீன் வாங்க மாட்டாள். இதிலெல்லாம் எண் எங்கே இருக்கிறது? நோட்டைத் தூக்கிப் போட்டான். எடுத்தான். நல்ல கோடையில், வெயில் கொளுத்துகிற ஒரு நாளில், சேமியா பாயசம் வைப்பாள். இன்று என்ன விசேஷம் என்றால், "பால் மிச்சமாச்சு" என்பாள். இந்தப் புழுக்கத்தில் பாயசம் குடிக்கிறவன் உண்டா என்று ஒரு வருடம் அவன் கேட்டான். அந்த வருடமும் வைத்தாள். அவன் ஷிஃப்டில் இருந்தால் படம் எடுத்து அனுப்புவாள்.

படம்.

தன் போனில் தேடினான். மூன்று வருடம், மூன்று பாயசப் படங்கள். ஒரு படத்துக்குள் எடுத்த நாளும் இடமும் ஒளிந்திருக்கும் என்று ஷபானா காட்டித் தந்திருந்தாள். தோண்டினான். வாட்ஸப்பில் அனுப்பும்போதே அதெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. ஆனால் கோப்பின் பெயரிலேயே தேதி இருந்தது. மூன்றிலும் ஒரே தேதி. மே இரண்டு.

மே இரண்டில் அவர்களுக்கு எதுவும் இல்லை. பிறப்பு இல்லை, சாவு இல்லை, கல்யாணம் இல்லை. நாலு எண் கிடைத்தது, இரண்டு எண் பாக்கி. கல்யாண வருடத்தைச் சேர்த்துப் போட்டான். தப்பு. நோட்டில் எழுதினான்: பதினைந்து. மிச்சம் ஐந்து.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேராக மாமல்லபுரம் போனான். பைபாஸுக்கு உள்ளே, கல் அறுக்கிற சத்தம் ஓயாத தெருவில் பாப்பாவின் வீடு. ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிற பிரிவில் வேலை. சனிக்கிழமை சீக்கிரம் வந்துவிடுவாள். ஒரு முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா மாப்ள. ஜெபா போன் மேல போன் போட்டுக்கினு கீறான். நாலு மணிக்கு மிஷின்ல ஏத்தறாங்களாம். எல்லாம் சரியா கீதான்னு நீ ஒரு வாட்டி பாத்துச் சொல்லணுமாம்."

அவள் போனில் அட்டையின் படம் இருந்தது. அன்பரசி நீலப் புடவையில் சிரித்தாள். தோற்றம், மறைவு. அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள், 'அம்மாவைப் பார்த்துக்கொள்.'

பிரபா உட்காரவில்லை. "அத்தே, அவ இப்படிச் சொல்லல."

கீரை ஆயும் கை நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு நாளா உங்கூடப் பேசலன்னு எங்கிட்டதான சொன்னா. பேசாதவ எங்கருந்து சொல்லுவா? என் மண்டைல இன்னா களிமண்ணா கீது?"

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சு. நீயும் சொன்ன சொல்லுக்காக வாராவாரம் வந்துகினு இருந்த. அது இல்லாங்காட்டி வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று வாயெடுத்தவன் காலை மாற்றி மாற்றி நின்றான்.

"விடு. ஒக்காரு. ஆடாத, பாக்க எனக்கு மயக்கமா வருது."

உட்கார்ந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். எதற்காக, எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது. மூன்றும் அவன் கையெழுத்தில் இருந்தது.

"இன்னாது, சொத்துப் பேப்பரா?"

"போனு. தொறக்கறதுக்கு. அன்னைக்குக் காலைல எனக்கு ஒண்ணு பேசி அனுப்பி, ஒடனே அழிச்சிட்டா."

"தொறந்து?"

"அதை மட்டும் கேப்பேன். வேற எதையும் பாக்க மாட்டேன்."

"திட்டியிருந்தா?"

"திட்டினான்னு தெரியும்."

பாப்பா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினாள். "அட்டைல அந்த வரிய எடுத்துடச் சொல்லிடறேன்" என்றாள். "பொய்ய அச்சுல போட்டா அவளே எந்திரிச்சு வந்து கேப்பா."

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "அத்தே, மே ரெண்டாம் தேதி இன்னா?"

"உனக்கு இன்னுமா தெரியாது?"

"தெரியாது."

"உன் பொறந்த நாளு."

"என்னுது ஜூன் அஞ்சு."

"அது ஸ்கூல் வாத்தியாரு போட்டது. மொதப் புள்ள சித்திரைல பொறந்துட்டான், வூட்டுக்கு ஆவாதுன்னு உங்காளுங்க பேசுவாங்கன்னு உங்கம்மா யாருக்கும் சொல்லவே இல்லியாம். வாத்தியாரு இஷ்டத்துக்கு ஒரு தேதி போட்டதும் அதையே புடிச்சிக்கிச்சு. கல்யாணமான புதுசுல இவகிட்ட மட்டும் சொல்லிச்சாம். வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் வேற வாங்கிக்கினு." பாப்பா முறத்தைத் தட்டினாள். "சத்தியத்த மீறாம பாயசம் மட்டும் வச்சா. எங்கிட்ட சொன்னது கணக்கில்லியாம். நான் வாயத் தொறக்க மாட்டேனாம்."

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவன் அம்மா, வேண்டா என்று பெயர், முப்பது வருடமாக இதை அவனிடம் சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே அவன் போட்டுப் பார்த்த எண்களில் தன் பிறந்த நாளும் ஒன்று. அது தன் பிறந்த நாள் இல்லை.

"எந்த வருசம்?" என்றான்.

"நாலு வயசுலயே உன்ன ஸ்கூலுக்குத் தள்ளிட்டாங்களாம். அஞ்சு ஆவணும்னு ஒரு வருசம் ஏத்திப் போட்டாராம் வாத்தியாரு."

சர்டிஃபிகேட்டில் இருப்பது 94. அப்படியானால் 95. நோட்டை எடுத்தான். முதலில் எழுதினான்: பதினாறு. 020595. பிறகு போனில் அதையே ஒவ்வொன்றாகத் தட்டினான்.

திறந்தது. சத்தமே இல்லாமல், எப்போதும் அவள் கையில் திறப்பதுபோலத் திறந்தது.

படங்கள் கண்ணில் பட்டன. தாண்டினான். கோப்புகளுக்குள் போய், வாட்ஸப், குரல் பதிவுகள், அந்த வாரத்தின் பெயரிட்ட ஃபோல்டர். உள்ளே ஏழு இருந்தன. ஒன்று அந்தத் தேதி. அனுப்பியதை அழித்திருக்கிறாள்; கோப்பு தங்கிவிட்டது. ஷபானா, "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றிருந்தாள். பதினோரு வினாடி.

வெளியே கல் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவன் பக்கத்தில், போனுக்குக் காது கொடுத்து உட்கார்ந்தாள். அவன் அழுத்தினான்.

முடிந்ததும் பாப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினான். சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணையும் துடைத்தாள்.

"இதுக்கா அழிச்சா" என்றாள். "கொழுப்பு. இன்னொரு வாட்டி போடு."

போட்டான். விரல் தட்டாமல் முறத்தின் விளிம்பில் அப்படியே இருந்தது. மேடையில் வழிந்திருந்த வெள்ளை அவனுக்குத் தெரிந்தது. கேஸ் ட்யூப் வரை இறங்கியிருந்தது. திட்டிக்கொண்டே துடைத்தது தெரிந்தது.

பாப்பாவின் போன் அடித்தது. ஜெபக்குமார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, மிஷின்காரன் குதிக்கிறான். மாமா பாத்துச்சா?"

"பாத்துச்சு. அந்த வரிய எடுத்துடு."

"எந்த வரி?"

"கடைசியா சொன்னதுன்னு போட்டியே, அது. அக்கா அப்படிச் சொல்லல."

"இன்னா பேஜாரும்மா இது. ஒரு வருசமா நீதான சொல்லிக்கினு இருந்த?" என்றான். "அப்போ கடைசியா இன்னாதான் சொல்லிச்சு?"

பாப்பா பிரபாவைப் பார்த்தாள். அவன் அன்பரசியின் போனை அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, மூன்றாவது முறையாக அழுத்தினான். முதலில் காற்று, ஒரு பஸ்ஸின் ஹாரன். பிறகு அவள்.

"பேசறேன்னு நெனச்சிக்காத, நான் இன்னும் உங்கூடப் பேசல. மாவ வெளிய வச்சிட்டு வந்துட்டேன், பொங்கிடும். வந்தவொடனே எடுத்து ஃபிரிட்ஜில வை."